கிழிக்காமல் மூடி வைத்தவள்

செய்தி வந்தபோது நான் வீட்டு மாடியறையில் கம்பெனி மீட்டிங்கில் இருந்தேன். என் மனைவியோடு ஆவண அறையில் வேலை பார்க்கும் முருகேசன் அண்ணாச்சி நாலு தடவை கூப்பிட்டார். நாலையும் வெட்டிவிட்டேன். ஐந்தாவது தடவை எடுத்து, "அண்ணாச்சி, மீட்டிங்ல இருக்கேன்" என்றேன்.

"மீட்டிங்கத் தூக்கிக் கெணத்துல போடும். ராமலெச்சுமி நாற்காலியில இருந்து சரிஞ்சிட்டா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கா. ஆம்புலன்ஸ் வந்திட்டு, நீரு ஓடி வாரும்."

ராமலெட்சுமி என் மனைவி. எனக்கு ராமு. திருநெல்வேலிக்குப் போகிற வழியில், ஆலங்குளம் தாண்டும்போது அவள் கை என் கைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. வாக்கியம் புரியவில்லை. அவளுக்கு முப்பத்து மூன்று வயது.

இதை எழுதச் சொன்னவர்கள் நீங்கள். அவள் வேலை பார்த்த அறக்கட்டளையின் உறுப்பினர்களும், அவளோடு அந்த ஆவண அறையில் உட்கார்ந்திருந்தவர்களும். நினைவு மலருக்கு இரண்டு பக்கம், "உங்க மனசுல பட்டத எழுதுங்க தம்பி" என்று கேட்டீர்கள். மனதில் பட்டதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். அவள் படத்துக்கு மாலை போட்ட அதே வாரத்தில் அவள் ஆறு வருஷம் காத்த பதிவேடுகளைக் காகித ஆலைக்கு அனுப்பி அரைத்துவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும் நீங்கள்தான். அதனால் இதில் கொஞ்சம் மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அவளை அறியாத ஓரிருவர் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக ஒரு விவரம். குற்றாலம் போகும் வழியில் அறக்கட்டளை நடத்திய பழைய ஆஸ்பத்திரி மூடப்பட்டபோது, அதன் பிறப்பு, இறப்பு, சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் அங்கேயே கிடந்தன. தோல் நோய்க்கு ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள், மனநோய் என்று கட்டிப்போடப்பட்டவர்கள், சீசனில் அருவியில் அடிபட்டு வந்து பெயர் சொல்லாமலே செத்தவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகள். எல்லாரும் மைக்கோடுகளாக அந்தத் தாளில் இருந்தார்கள். சாரல் காலத்தில் கூரை ஒழுகியது. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ராமுவும் அண்ணாச்சியும் அந்தக் கட்டுகளைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தாளையும் மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார்கள். அப்போது அவளுக்குக் கையில் ஒரு பூஞ்சைப் படை வந்தது. கடைசிவரை முழுதாகப் போகவில்லை. மலரில் இதையும் போடுங்கள்.

அவளுக்கு இந்த வேலையின் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு என் மாமியார்தான் ஞாபகம் வருகிறார். ராமு சுந்தரபாண்டியபுரத்துக்காரி. சூரியகாந்தி பூக்கும்போது அங்கே வருகிற கூட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் யாரோ ஒருவன் வரப்பில் களை பறித்துக்கொண்டிருந்த மாமியாரைப் படம் எடுத்துப் போனான். ரெண்டு மாசம் கழித்து அந்த முகம் தென்காசியில் ஒரு எண்ணெய்க் கடை வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸாக நின்றது. 'பாரம்பரியத்தின் சிரிப்பு' என்று அடியில் எழுத்து.

மாமியார் பஸ்ஸில் இருந்து இறங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே சத்தம் போட்டார். "எம் மூஞ்சிய யாருட்டலே கேட்டு எடுத்த? நான் சிரிக்கவா செஞ்சேன்? வெயிலுக்குல்லா பல்லக் காட்டிக்கிட்டு நின்னேன்!"

ராமு கடைக்காரரிடம் பேசி ஃபிளெக்ஸை இறக்க வைத்தாள். கடைக்காரர் பயந்துபோய் அதை அங்கேயே கத்தரிக்கப் போனார். ராமு கையைப் பிடித்துத் தடுத்தாள். "அண்ணாச்சி, கிழிக்காதிய. அது எங்க அம்மா." சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனதும் மாமியார் விரித்துப் பார்த்தார். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். பிறகு, "ஏட்டி, நல்லாத்தான இருக்கேன்? உள்ரூம்புல மாட்டு. வெளிய வேண்டாம்" என்றார்.

ராமு இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "அழிச்சிரச் சொல்லல பாருங்க. கேட்டுட்டு எடுன்னுதான் சொல்லுதா" என்பாள். சட்டம் படித்த வக்கீல்களிடம் இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

பதிவேடுகளை அவள் அப்படித்தான் கையாண்டாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்று முழுப் பிரதி. யாருக்கும் காட்டப்படாது, காலக்கெடு முடியும்வரை மூடப்பட்டிருக்கும். இன்னொன்று திறந்த பிரதி. நோய், வெளியே சொல்ல முடியாத பிறப்பு, தற்கொலை இப்படி யாரையாவது சுடக்கூடிய வரிகள் அதில் மறைக்கப்பட்டிருக்கும். சொந்தக் குடும்பத்து வரியைத் தேடி வருகிறவர்களுக்கு மட்டும், சான்று பார்த்து, அவர்களுடைய வரியை அவர்களுக்குக் காட்டுவாள். மறைக்கும் மென்பொருளை எழுதியது நான். வாரக்கடைசியில், அவள் போடும் சுக்குக்காப்பிக்குக் கூலியாக. ஆனால் ஒரு வரியைக்கூட என்னிடம் வாசித்துக் காட்டமாட்டாள். சோதிக்க ஒரு மாதிரிப் பக்கம் கொடு என்று கேட்டால், பொய்ப் பெயர்களை அவளே உட்கார்ந்து எழுதித் தருவாள். "நோட்டுல உள்ளது அந்த ரூம்புலயே இருக்கட்டும். வீட்டுக்கு நான் மட்டும்தான் வருவேன்" என்பாள்.

என் மென்பொருள் ஒரு நாள் அவளுக்குச் செருப்படி வாங்கித் தரப் பார்த்தது. பழைய எழுத்தர்கள் முந்தின வரியில் உள்ள விவரமே அடுத்த வரிக்கும் பொருந்தினால் திரும்ப எழுத மாட்டார்கள். 'மேற்படி' என்று ஒரு சுழி போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறந்த ஒரு பக்கத்தில், முதல் பிள்ளையின் வரியில் தாயின் நோய் குறிக்கப்பட்டிருந்ததால் என் மென்பொருள் அந்த வரியை முழுதாக எடுத்துவிட்டது. இரண்டாம் பிள்ளையின் தகப்பன் பெயருக்கு நேரே வெறும் 'மேற்படி'. அது இப்போது அதற்கும் மேலே உள்ள வேறொரு குடும்பத்துத் தகப்பனைக் காட்டியது.

அந்த இரண்டாம் பிள்ளையின் பேரன் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வாரிசுச் சான்றுக்காகத் திறந்த பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு ஆவண அறைக்கு வந்து நின்றார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"இங்க யாரு பொறுப்பு? எங்க தாத்தாவுக்கு அப்பன மாத்திட்டியளே! மேலத்தெருக்காரன் பேரு போட்டிருக்கு. எங்க வீட்டு ஆச்சி மானம் என்னத்துக்காகும்?"

முருகேசன் அண்ணாச்சி சமாதானம் செய்யப் போனார். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் செஞ்ச தப்பு..."

"கம்ப்யூட்டரு வந்து எங்க தாத்தாவப் பெத்துச்சோ?"

நான் எழுந்தேன். ராமு என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். "தப்பு என்னுது அண்ணாச்சி" என்றாள் அவரிடம். "உங்க தாத்தா வரிக்கு மேல ஒரு வரி மூடியிருக்கு. அதும் உங்க வீட்டு வரிதான். நீங்க மட்டும் பாக்கலாம். உள்ள வாங்க."

அவர் முழுப் பிரதியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. "தாத்தாகூட ஒரு புள்ள பொறந்திருக்கு. அன்னைக்கே போயிருக்கு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். தன் கொள்ளுப்பாட்டியின் நோயைப் பற்றி அவர் பேசவில்லை. ராமுவும் பேசவில்லை. எனக்கு இது தெரிந்ததே அவரே பின்னால் எல்லாரிடமும் சொல்லி, இதை எழுதவும் சம்மதித்ததால்தான். அன்று வீட்டுக்கு வரும் வழியில் ராமு வண்டியின் பின்னால் இருந்து என் தலையில் ஒரு கொட்டு வைத்தாள். "பெரிய இன்சினியரு. மேற்படின்னா மேல பாக்கணும்னு உங்க காலேஜுல சொல்லித் தரலையாக்கும்?"

இன்னொரு சம்பவம். இதில் எனக்குத் தெரிந்தது பாதிதான்.

ஒரு அம்மாள் ஆவண அறைக்கு வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளையைப் பெற்றவர். பிறகு வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு, மருமக்கள், பேரன் பேத்தி எல்லாம் எடுத்துவிட்டார். பதிவேடுகள் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன என்று கேள்விப்பட்டதிலிருந்து தூக்கமில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தந்துவிடு என்று ராமுவின் காலைப் பிடித்திருக்கிறார். ராமு கிழிக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே அந்த வரியை மூடி, அது எப்படி மூடப்படுகிறது, யார் திறக்க முடியும், யாரால் முடியாது என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் நம்பவில்லை. "நீயும் ஒரு பொம்பளதான? நாசமாப் போயிருவ" என்று சாபம் விட்டுப் போயிருக்கிறார்.

அன்று ராமு சோறு தின்னவில்லை. "கிழிச்சுக் குடுத்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போவுது?" என்று நான்தான் கேட்டேன். "அவங்களுக்கு இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வேணும்னு வந்து நின்னா நான் எதக் காட்டுவேன்? மூடுனதத் திறக்கலாம். கிழிச்சத ஒட்ட முடியாது" என்றாள். யார், எந்த ஊர் என்று கேட்டேன். "தூங்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

இனி உங்களைப் பற்றி.

ராமு போன பதினாலாம் நாள் உங்கள் செயலாளரைப் பார்க்க வந்தேன். ராமு கைப்பட எழுதிய வேலைக் குறிப்பேடுகள் மூன்று, மேசை இழுப்பறையில் இருந்தன. அவள் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

"அதக் குடுக்க முடியாது தம்பி" என்றார் செயலாளர். "தனிநபர் விவரம் இருக்கும்."

"சார், அவ என் பொண்டாட்டி."

"அதான் தம்பி. அவங்களும் ஒரு தனிநபருதான்."

சரி என்றேன். ராமுவே அவளுடைய குறிப்பேட்டை என்னிடம் காட்டியதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுந்திருக்கும்போதுதான் அவர் அடுத்ததைச் சொன்னார். பதிவேடுகள் எல்லாம் போகப்போகின்றன. தாளும், கம்ப்யூட்டரில் உள்ளதும்.

"புதுச் சட்டம் வந்துட்டு தம்பி. ஒரு பேரு வெளிய கசிஞ்சாலும் நம்ம கழுத்துக்குத்தான் கத்தி. பாத்துக்கிட்டு இருந்த புள்ளையும் போயிட்டு."

"சட்டத்தப் படிச்சியளா சார்?"

"வக்கீல் படிச்சிருக்காரு."

"அவரு எரிக்கச் சொன்னாரா?"

"சேச்சே, எரிக்கல தம்பி. கூழாக்கிருவாவ. காகித ஆலையிலேயே ஆள் வந்து எடுத்துக்கிடுவாவ."

உங்களில் யாருமே அந்தச் சட்டத்தைப் படிக்கவில்லை. ராமு படித்தாள். ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் அதிலேயே வழி விட்டிருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு உங்கள் கூட்டத்தில் வாசித்தாள். தலையாட்டிவிட்டு வடை சாப்பிட்டீர்கள். தனிநபர் பாதுகாப்பு என்றால் உங்களுக்கு உங்கள் கழுத்தின் பாதுகாப்பு. ராமு போன ஆறாம் நாள் எனக்கு ஒரு போன் வந்தது. "உங்க மிஸஸ் காலமானதுக்கு ரொம்ப வருத்தம் சார், உங்களுக்கேத்த ஒரு இன்சூரன்ஸ் பிளான் இருக்கு" என்றது ஒரு குரல். இந்தத் தகவல் எங்கிருந்து, யார் கொடுத்து, எத்தனை கை மாறிப் போயிற்று? அதைப் பாதுகாக்க ஒரு நாதியில்லை. எவனோ விற்கிறான், எவனோ வாங்குகிறான். ஒருவருக்கும் விற்காமல், ஒருவருக்கும் வாசித்துக் காட்டாமல் ஒருத்தி மூடி வைத்ததை மட்டும் தேடிப்பிடித்து அரைக்கிறீர்கள்.

அன்றைய கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் எழுதியாக வேண்டும்.

மென்பொருளைப் பராமரிக்க எனக்குக் கொடுத்திருந்த அனுமதியை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்து முழுப் பிரதி அத்தனையையும் இறக்கிக்கொண்டேன். மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து போட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நீங்கள் அரைத்துக்கொள்ளுங்கள், உலகம் பூராவும் பிரதி இருக்கும். அப்போது அது நியாயமாகவே தோன்றியது. என் மனைவி செத்துப்போயிருந்தாள், எனக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை.

பதினாறாம் நாள் வீட்டில் கூட்டம். பந்தி முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். சொந்தக்காரர் யாரும் கூட இல்லை. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீதான் அவ மாப்பிள்ளையாய்யா?"

"ஆமாம்மா. நீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நோட்டெல்லாம் இப்ப யாருட்ட இருக்கு?"

சாபம் விட்டுப் போன அம்மாள் இவர்தான் என்று பட்டது. "ஆவண அறையில இருக்கும்மா. அழிக்கப்போறதாச் சொல்லுதாவ. இனி உங்களுக்குப் பயமில்ல."

சொன்ன பிறகுதான் என் நாக்கின் அவசரம் உறைத்தது. அவர் என் முழங்கையைப் பிடித்தார். நல்ல பலமான பிடி.

"அழிக்கவா? என்னத்துக்கு அழிக்கணும்? அவ மூடித்தான வச்சா? எனக்குக் காட்டுனாளே." குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் அவளை வாயில வந்தபடி ஏசிட்டுப் போனேன்யா. வருசம் கழிச்சு மறுபடியும் போனேன். அந்த வரியக் காட்டுன்னு கேட்டேன். காட்டுனா. ஆண் குழந்தைன்னு எழுதியிருக்கு, எடை எழுதியிருக்கு. அவன் இருந்தான்ங்கதுக்கு ஒலகத்துல வேற ஒண்ணும் கெடையாதுய்யா. அதுல மட்டும்தான் இருக்கான். யாரும் பாக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அவ அப்படித்தான் வச்சிருந்தா."

மாமியார் அந்தப் பக்கம் வந்தார். அந்த அம்மாள் கையை எடுத்துவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு தாயி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான் மாடிக்குப் போய் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். பெயர் தெரியாவிட்டாலும் ஏறக்குறைய வயது தெரியும். ஆண் குழந்தை, மூடப்பட்ட வரி. தேடியிருந்தால் ஒரு நிமிஷம். இரண்டு நாள் முன்னால் நான் ஊருக்குத் திறந்து போட இருந்தது அந்த அம்மாளை. நீங்கள் அரைக்க இருப்பதும் அந்த அம்மாளைத்தான். உங்களுக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு உங்கள் மேல் இருந்த கோபம் குறையவில்லை. என் மேலும் சேர்ந்துகொண்டது.

தேடவில்லை. இறக்கிய அத்தனையையும் மீட்க முடியாதபடி அழித்தேன். மறுநாள் காலையில் முருகேசன் அண்ணாச்சியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு செயலாளர் முன்னால் உட்கார்ந்து, நான் செய்ததைச் சொல்லி, எனக்கு இருந்த அனுமதியையும் ரத்து செய்ய வைத்தேன். செயலாளர் போனைக் கையில் எடுத்தார். "போலீசுக்குச் சொல்லட்டுமா தம்பி?" என்றார். சொல்லுங்கள் என்றேன். அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "சார், இவரு கழுத்த அப்புறம் பிடிப்போம். முதல்ல அந்த நோட்டுக்கு ஒரு வழி சொல்லும். ராமலெச்சுமி கை வெந்து காயவச்ச தாளு அது. ஆலைக்காரன் வந்தா நான் கதவத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

புதன்கிழமை கூட்டத்தில் வைக்கிறேன் என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் கேட்பது இவ்வளவுதான். தாள்களும் முழுப் பிரதியும் மூடியபடியே இருக்க வேண்டும். ராமு எழுதி வைத்த விதிகளைக் கூட்டத்தில் ஏற்று, அவற்றைப் படித்த ஒருவரைப் பொறுப்பில் உட்கார வைக்க வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது. ஏன் என்று மேலே எழுதிவிட்டேன். குடும்ப வரி தேடி வந்து அவள் கையால் ஒரு தாளாவது வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இதைப் படிப்பீர்கள். பாத்திரக்கடை அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வந்து கை தூக்குங்கள். படத்துக்குப் பூப்போட வருவதானால் வர வேண்டாம்.

அவளிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று மலரின் கடைசியில் எழுத வேண்டுமாம். குறிப்பேடு கிடைக்கவில்லை. அவள் போனில் என் பெயரில் சேர்த்து வைத்திருந்த படங்களைத் திறந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. ஏழு வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். என் ஆபீஸ் ரகசியம் அத்தனையும் நான் அவளிடம் உளறியிருக்கிறேன். படியிறங்கிப் போன அந்த அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தாலும் நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. ராமு எனக்கு விட்டுப்போனது அந்தத் தெரியாமைதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.